கருப்பன் வர வேண்டாம்

பயமில்லை என்று ஏன் சொன்னாள்? வெறுங்கையோடு பஸ் ஏறுகிறவள் அதை ஏன் சொல்ல வேண்டும்? போனை வைக்கும்போதே அந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டது, ஆனால் மனசுக்குள் போகவில்லை. ஒரு தேங்காய் வேனை நிறுத்தி, மூட்டைகளைத் தட்டிப் பார்த்து அனுப்பிவிட்டு, பந்தலுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் போனது. என் மனைவி கோமதி கடையத்தில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பியின் உரக்கடையில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் எங்கள் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது, ரொக்கமாக, எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். இன்று சாயங்காலம் தம்பி அதை மோட்டார் சைக்கிளில் தென்காசிக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. நாளைக் காலை வீட்டுக்குப் பத்திரப்பதிவு. ஆனால் இன்று எங்கள் தேர்தல் சோதனைக் குழுவுக்கு வந்த உத்தரவில் இருசக்கர வண்டிகளையும் விடாமல் பார்க்கச் சொல்லியிருந்தது, அவன் வரவிருந்த குளத்தங்கரைப் பாதையிலும் ஒரு குழுவைப் போடப் போகிறார்கள் என்று ஏட்டு அந்தோணி சொன்னார். அதனால்தான் கோமதியைக் கூப்பிட்டேன். பணம் வர வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்தோணி என் தோளை ஒட்டி நின்று அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பணம் என்று எப்படிச் சொல்வது? கறுப்பு என்று வாயில் வந்துவிட்டது, மூன்று மாதமாக வீட்டில் அதை அப்படித்தான் சொல்கிறோம், வெள்ளை இருபத்து நாலு, கறுப்பு ஆறு. வந்த வார்த்தையைப் பாதியில் பிடித்து ஒரு ஆள் பேராக மாற்றி, “கருப்பன் இன்னைக்கு வர வேண்டாம்” என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். “ஏன்?” என்றாள். “வேண்டாம்னா வேண்டாம்.” “நாளைக்குப் பதிவுல்லா?” “அதெல்லாம் பாத்துக்கிடலாம்.” கொஞ்சம் யோசித்தாள். “சரி, அப்ப நானே வந்துருதேன். நீங்க நிக்க வழிதானே, பயமில்ல.” வைத்துவிட்டாள். அவள் தம்பி பேர் கருப்பையா. அவர்கள் வீட்டில் கருப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் அவனை மாப்ளே என்றே கூப்பிட்டு, அவனுக்கு ஒரு பேர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. எழுதிக் காட்டியிருந்தால் கறுப்புக்கு வல்லின று, கருப்பனுக்கு இடையின ரு, சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். போனில் எழுத முடியாது. கருப்பன் வர வேண்டாம். சரி, கருப்பன் வரவில்லை. நானே வந்துருதேன்.

“யாரு சார் கருப்பன்?” என்று அந்தோணி அப்போதே கேட்டார். மச்சினன் என்றேன். அது பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. அந்தோணி தூத்துக்குடியிலிருந்து தேர்தலுக்காக வந்திருப்பவர், என் வீட்டில் யாரையும் பார்த்ததில்லை. வீடியோ எடுக்கும் பாபு சுரண்டைக்காரர், கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், அவரும் பார்த்ததில்லை. நான் கூட்டுறவுத் துறையில் ஆய்வாளர், தேர்தல் முடியும்வரை மத்தளம்பாறை விலக்கில் இந்தப் பந்தலுக்கு அதிகாரி. எங்கள் குழுவுக்குப் பேர் நிலைக் கண்காணிப்புக் குழு, ஆனால் ஜனங்களுக்கு நாங்களும் பறக்கும் படைதான், பறக்கும் படை உக்காந்திருக்கு என்று டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணத்தை எடுத்து, வீடியோவில் பதிந்து, ரசீது கொடுத்து, கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். நான் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், குரல் உயர்த்தாமல், மரியாதையாக. மறுபடி போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால். கடையம் தாண்டினால் மலை ஓரத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அல்லது அவள் போனை அணைத்து வைத்திருப்பாள், பஸ்ஸில் ஏறினால் அணைத்துவிடுவாள், சார்ஜ் வீணாகுதாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டால்? கூப்பிட்டேன். “அக்கா அப்பவே ஏறிட்டால்லா அத்தான். நீங்க என்னைய வர வேண்டாம்னு சொன்னீங்களாம்லா. நல்ல யோசனைதான் அத்தான், பைக்குல வந்தா புடிச்சிருப்பானுவ.” நல்ல யோசனை. நான் இங்கே நிற்பேன் என்பதற்காகத்தான் அவளை இந்த வழியில் அனுப்பச் சொன்னதாக அக்காளும் தம்பியும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். சரி மாப்ளே என்று வைத்தேன். என்ன சார் இப்படி வேர்க்குது என்றார் அந்தோணி. வெயில் என்றேன். பந்தலுக்குள் நிழல்தான்.

ஆணி அடிக்கக் கூடாது. நாங்கள் குடியிருந்த எல்லா வீட்டிலும் அதுதான் முதல் நிபந்தனை. வாடகை, அட்வான்ஸ், அப்புறம் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் சணலால் கட்டுவாள் கோமதி. காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும், நாளைக் கிழிப்பதற்கு அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கல்யாண போட்டோ இன்னும் பீரோவுக்குள் துணிக்கு அடியில் கிடக்கிறது. இப்போது வாங்கப்போகும் வீட்டைப் பார்க்கப் போனபோது அவள் சமையலறை பார்க்கவில்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கவில்லை, கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தட்டினாள். “கெட்டிச் சுவரு” என்றாள். வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணாச்சி நல்ல மனுசர்தான். மோர் கொடுத்தார். மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, “இருபத்து நாலு வெள்ளை, ஆறு கறுப்பு, ஊர் வழக்கந்தான சார்” என்றார், ஏதோ வீட்டுக்குக் கிணற்றுப் பாதை விடுவதைப்போல. இருபதாயிரத்துக்கு மேல் சொத்து விற்பனையில் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை நானே மேடையில் பேசியிருக்கிறேன், பால் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில், நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு, ரொக்கமில்லாப் பரிவர்த்தனை என்ற தலைப்பில். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து, எனக்கு வந்த காருக்கு வாடகையைச் சங்கச் செயலாளர் ரொக்கமாகத்தான் கொடுத்தார், நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வேலாயுதத்திடம் முழுதும் செக்காகத் தருகிறேன் என்றேன். சிரித்தார். “செக்கை வச்சு நான் என்ன சார் பண்ண? நான் வாங்கும்போதும் இப்படித்தான் குடுத்தேன். ஒங்ககிட்ட செக்கா வாங்கினா, அந்த ஆறும் லாபம்னு எனக்கு வரி போட்டுருவானுவல்லா.” அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. அவருக்கு விற்றவரும் அப்படித்தான், அவருக்கு விற்றவரும். அந்த ஆறு லட்சம் வீட்டோடு சேர்ந்து ஒருவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு மாறிக்கொண்டே வருகிறது, கீழே இறக்கி வைக்கிறவனுக்குத்தான் நட்டம். யார் இறக்குவது? நான் இறக்கினால் கோமதிக்குச் சுவர் இல்லை.

என் பணம் முழுக்க வெள்ளை. சம்பளமும் வைப்புநிதியும் தவிர என் கணக்கில் ஒரு பைசா வந்ததில்லை. இதைச் சொல்லிப் பெருமைப்படுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை. ஊரெல்லாம் கறுப்பை வெள்ளையாக்க வழி தேடுகிறது, நான் வெள்ளையைக் கறுப்பாக்கினேன். மொத்தமாக எடுத்தால் பேங்க்கில் எதற்கு என்று கேட்பார்கள், கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன், ஒரே இடத்தில் அடிக்கடி எடுக்கக் கூசி வேறு வேறு தெருவில் எடுத்தேன், என் சொந்தப் பணத்தை நானே திருடுகிறவனைப்போலத் திரும்பிப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். எடுத்ததை வாடகை வீட்டில் வைக்கப் பயந்து மாப்பிள்ளையின் பெட்டிக்கு அனுப்பினேன். ஆதாரம் இருக்கிறது. சம்பளச் சீட்டு இருக்கிறது, பாஸ்புக் இருக்கிறது. காட்டினால் பணம் திரும்ப வந்துவிடும். ஆனால் எதற்கு இவ்வளவு ரொக்கம் என்ற அடுத்த கேள்விக்கு ஆதாரம் இல்லை. அதோடு அது திரும்புவதற்குள் நாளை போய்விடும், நாளையோடு ஒப்பந்தம் முடிகிறது, கேரளாவிலிருந்து ஒரு பார்ட்டி காத்திருக்கிறது என்று வேலாயுதம் முந்தாநாள் சொல்லிவிட்டார். கொடுத்த அட்வான்ஸ் போகும். வீடு போகும். பணம் மட்டும் திரும்பி வரும், ஏதோ விருந்துக்குப் போய்ப் பசியோடு திரும்பியதுபோல.

“ரொக்கத்தையே ஒழிச்சிரணும் சார்” என்றார் அந்தோணி. சாலையில் வண்டியே இல்லை, பேச்சுக்குத்தான். “எல்லாம் போன்லயே போயிட்டா நாம எதுக்கு இங்க உக்காந்து வேகணும்?” பாபு காமிரா லென்ஸை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே, “அப்ப ஒங்க பேட்டா ஒங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருமே ஏட்டையா” என்றார். “அதுக்கு மட்டும் ஒரு ஐநூறு ரூவா விட்டு வைக்கட்டும்” என்றார் அந்தோணி. “கல்யாண வீட்டுல எனக்கும் கையிலதான் குடுக்காங்க, கழுத்துல மாலையோட எவன் ஃபோன நோண்டுவான்” என்றார் பாபு. சிரித்தார்கள். “நீங்க என்ன சார் சொல்லுதீங்க, பெரிய தொகையெல்லாம் கையில குடுக்கலாமா கூடாதா?” நான் என்ன சொல்கிறேன்? கூடாது என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கூடாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை, கையில் கொடுத்து வாங்க முடியாது என்றிருந்தால் வேலாயுதம் மோர் மட்டும் கொடுத்திருப்பார். ஆனால் வெங்காயம் விற்ற லூர்தம்மாள்? போன வாரம் இதே இடத்தில் லோடு ஆட்டோவில் வந்தாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஐந்து வீட்டு வெங்காயத்தைச் சேர்த்து விற்ற பணம், எழுபத்திரண்டாயிரம், சுருக்குப்பையில். ரசீது இருக்கா என்றேன். “வெங்காயத்துக்கு எவன் சார் ரசீது குடுக்கான்?” ஆதாரம் காட்டித் திரும்ப வாங்கிக்கிடலாம் என்று பொறுமையாக விளக்கினேன். “அப்ப நான் வித்த வெங்காயத்தத் திரும்ப வாங்கிட்டு வந்து காட்டணுமா?” என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே அதுதான் முறையா என்று கேட்டாள். பாபு தொழில் பழக்கத்தில், “அம்மா, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிச்சாப்ல” என்றுவிட்டார். அவளும் தலையைக் கோதிக்கொண்டு, சேலையைத் தோளில் இழுத்துவிட்டு, காமிராவைப் பார்த்தாள். பிறகுதான் தன்னை எதற்குப் படம் பிடிக்கிறார்கள் என்று புரிந்து முகம் மாறியது. அந்த முகம் மாறியது மெமரி கார்டில் இருக்கிறது. இந்தச் சாலையில் வருவது எல்லாம் இந்த மாதிரிதான், வெங்காயம், ஆடு, சீட்டுப் பணம், ஆஸ்பத்திரிக்குப் புரட்டியது. ஓட்டுக்குக் கொடுக்கிற பணம் எங்கள் பந்தல் வழியாக வந்ததே இல்லை, அது எந்த வழியாகப் போகிறதோ. இருந்தாலும் விதி விதிதான் என்று அன்று லூர்தம்மாளிடம் சொன்னேன். சொன்ன வாய் இது.

பஸ் வரும்போது நான் ஒன்றுக்குப் போய்விடலாம். புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்தோணி தானே ஏறிப் பார்ப்பார். பார்த்து எடுத்துவிட்டால்? பெண் காவலர் இன்று வேறு பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், பெண்களிடம் வாயால் கேட்பதோடு சரி, அந்தோணி கேட்பார், கோமதி இல்லை என்பாள், பஸ் போய்விடும். இல்லை என்பாளா? அவளுக்குப் பொய் வராது என்றில்லை, காய்காரரிடம் எதிர்க்கடையில் குறைவாகச் சொன்னான் என்று தினமும் பொய் சொல்வாள். ஆனால் அவள் பயந்தால்தானே பொய் சொல்வாள். நீங்க நிக்க வழிதானே, பயமில்ல. நான் நிற்க வேண்டும். நான் மரத்துக்குப் பின்னால் நின்றால் அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து என்னைத் தேடுவாள். வேறு வழி, நான் முதலில் ஏறி, இது நம்ம வீட்டம்மா என்று அந்தோணியிடம் சொல்லிவிடலாம். அட சொல்லக் கூடாதா சார் என்று சிரித்துக்கொண்டு இறங்கிவிடுவார், மரியாதைக்காரர். அது சுலபம். லூர்தம்மாளுக்கு இங்கே ஒரு வீட்டுக்காரர் நின்றிருந்தால் அவளுக்கும் சுலபம். ஒருவேளை கோமதி பணத்தை எடுத்து வரவில்லையோ, தம்பி அக்கா ஏறிட்டா என்றுதானே சொன்னான், பணத்தோடு என்று சொன்னானா? சொல்லவில்லை. பைக்குல வந்தா புடிச்சிருப்பானுவ என்றான். எதைப் பிடிப்பார்கள், அவனையா? மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறேன். கருப்பன், கறுப்பு. ஒரு பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாததால் வந்தது. கோமதி பேரே சொல்ல மாட்டாள், என் பேரை. இந்தக் காலத்தில் யார் அப்படி இருக்கிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் “அருவிக்கரைச் சாமி பேரு” என்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் கூட இருந்தால் முழங்கையால் இடித்து, சொல்லுங்களேன் என்று மோவாயை ஆட்டுவாள், நான் சொல்வேன். நான் இல்லாத நாளில் முன்பின் தெரியாத யாராவது என் பேரைச் சொல்லி அரிசி வாங்கிக் கொடுப்பார்கள்.

பஸ் வளைவில் திரும்பியது. மரத்தடி எங்கோ தூரத்தில் இருந்தது. அந்தோணி நடுச்சாலைக்குப் போய்க் கையை நீட்டி நிறுத்தி, முதலில் ஏறினார். பாபு காமிராவைத் தோளில் தூக்கி, அதன் முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு வந்தார், அவருக்கு முன்னால் நான் ஏறினேன். மூன்றாவது ஸீட்டில் ஜன்னலோரம் கோமதி. மடியில் மஞ்சள் பை, பைக்கு வெளியே முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். வீட்டில் கதவைத் திறக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. அவள் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. “ஐம்பதாயிரத்துக்கு மேல ரொக்கம் யாராவது வச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க” என்று அந்தோணி எப்போதும் கேட்கிற ராகத்தில் கேட்டபடியே பின்னால் நடந்தார். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, கேட்டுவிட்டு நாங்கள் மூட்டைகளைப் பார்ப்போம். “இருக்கு” என்றது ஒரு குரல். அந்தோணி இரண்டு ஸீட் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார். “எவ்வளவும்மா?” “ஆறு லட்சம்.” டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பின்னால் ஒரு குழந்தை மட்டும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. “ஏதும்மா இவ்வளவு பணம்?” “எங்க வீட்டுக்காரரு சம்பளம். சேத்தது.” அவள் குரலில் கறுப்பு இல்லை. மூன்று மாதமாக அந்த வார்த்தையை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். “எந்த டிபார்ட்மென்ட்டு?” “கூட்டுறவு.” அந்தோணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சார், ஒங்க டிபார்ட்மென்ட்டுதான். பேரச் சொல்லுங்கம்மா, சாருக்குத் தெரிஞ்சிருக்கும், விசாரிச்சிருவோம்.” கோமதி அவரைப் பார்க்கவில்லை. “அருவிக்கரைச் சாமி பேரு” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மோவாயை ஆட்டினாள்.

“எந்த அருவிம்மா, இந்தப் பக்கம் மலையெல்லாம் அருவிதான” என்றார் அந்தோணி. யாரோ சிரித்தார்கள். விடுங்க ஏட்டையா, எனக்குத் தெரிஞ்ச ஆள்தான் என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். கூடத்துச் சுவர் தெரிந்தது, கெட்டிச் சுவர், அதில் உள்ளங்கை. சுருக்குப்பையைத் தன் கையாலேயே அவிழ்த்துக் கொடுத்த லூர்தம்மாளின் கை தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரிக் கை. “சார், நீங்க மறைக்கீங்க” என்றார் பாபு முதுகுக்குப் பின்னாலிருந்து. “ஒண்ணு ஃப்ரேமுக்கு வெளிய போங்க, இல்லாட்டா உள்ள வாங்க.” நான் நகர்ந்தேன். அவள் ஸீட்டுப் பக்கமாக நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காமிராவுக்கு நேராக நின்றேன். கோமதி தன்னை அறியாமல் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். கல்யாண போட்டோவிலும் அவள் இந்தப் பக்கம்தான். “பாபு, ஓடுதா?” “ஓடுது சார்.” அந்தோணி பேனாவைத் திறந்தார். “பேரும்மா?”

“குற்றாலிங்கம்” என்றேன்.

அந்தோணி நிமிர்ந்து பார்த்தார். “ஒங்க பேரு இல்ல சார். அவங்க வீட்டுக்காரர் பேரு.”

“அதான்” என்றேன்.